கொடையாளர் குருத்தணு மாற்றுக்குப் பிந்தைய வாய்ப் புற்றுநோய்

கொடையாளர் குருத்தணு மாற்றுக்குப் பிந்தைய வாய்ப் புற்றுநோய் என்பது, பிறர் அளித்த குருத்தணுக்களைப் பெற்று இரத்த நோயிலிருந்து மீண்ட ஒருவரின் வாயில், பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, புதிதாகத் தோன்றும் புற்றுநோய் ஆகும். இது முதல் நோய் திரும்பி வருவது அன்று. வேறு திசுவில் உருவாகும் வேறு நோய். மருத்துவ நூல்கள் இதனை இரண்டாம் புற்றுநோய் எனக் குறிக்கின்றன. இச்சொல் புற்றுநோயின் இரண்டாம் கட்டத்தைக் குறிப்பதில்லை.

வரலாறு

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் ஈ. டொனால் தாமசு 1990 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றார். இந்தியாவில் 1983 இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், தமிழகத்தில் 1986 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா, எலும்பு மச்சை செயலிழப்பு ஆகியவற்றுக்கு இது அளிக்கப்படுகிறது. சிகிச்சை பெற்றோர் நீண்ட காலம் வாழத் தொடங்கிய பின்னரே அதன் பிற்கால விளைவுகள் தெரியவந்தன.

இடரின் அளவு

1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, 1964 முதல் 1992 வரை மாற்றுச் சிகிச்சை பெற்ற 19,229 பேரை ஆராய்ந்தது. பொதுமக்களிடம் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு வாய்ப் புற்றுநோய் அவர்களிடம் காணப்பட்டது. எனினும் மடங்குக் கணக்கை மட்டும் கொண்டு அஞ்சுதல் தவறு. அதே ஆய்வில், எல்லா வகைத் திண்மப் புற்றுநோய்களையும் சேர்த்து, 15 ஆண்டுகளில் நோயுறும் வாய்ப்பு 6.7 விழுக்காடாகவே மதிப்பிடப்பட்டது. எனவே உயிர்காக்கும் இச்சிகிச்சையை மறுக்க இது காரணம் ஆகாது. வாழ்நாள் முழுதும் கண்காணிப்புத் தேவை என்பதற்கே காரணம் ஆகும்.

காரணங்கள்

கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்கள், பெறுநரின் உடலை அயல்பொருளாகக் கருதித் தாக்குவதுண்டு. மருத்துவர்கள் இதனை ஜி.வி.எச்.டி. என்பர். நாட்பட்ட நிலையில் இது வாயின் உட்பரப்பைத் தொடர்ந்து புண்ணாக்குகிறது. சிதைந்து மீண்டும் மீண்டும் வளரும் திசுவில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. இந்நோயை அடக்கத் தரப்படும் மருந்துகள் உடலின் புற்றுநோய் எதிர்ப்பையும் குறைக்கின்றன. குறிப்பாக அசாத்தியோபிரினை நீண்ட காலம் உட்கொள்வது இடரை உயர்த்துவதாக அறியப்பட்டுள்ளது.

ஃபான்கோனி இரத்தசோகை உடையோர்க்கு, டி.என்.ஏ. சீரமைப்புக் குறைபாட்டின் காரணமாக, மாற்றுச் சிகிச்சை இன்றியே வாய்ப் புற்றுநோய் இடர் மிகுதி. குருத்தணு மாற்று அவர்களின் குருதியைச் சீராக்குமேயன்றி வாய்த் திசுவின் மரபை மாற்றாது.

சேலம், நாமக்கல் பகுதியில்

சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரங்களில் பாக்குத் தோப்புகளும், நாமக்கல் மாவட்டப் பரமத்தி வேலூர்ப் பகுதியின் காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்களும் உள்ளன. திருமணம் முதல் துக்கம் வரை தாம்பூலம் இடம்பெறும் இப்பகுதியில், மெல்லும் பழக்கம் தீங்கானதாகப் பலருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வெளியிட்ட தன் அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. ஆகவே 'புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்' என்னும் சமாதானம் மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்குப் பொருந்தாது.

இங்கு நோயறிதலில் ஒரு சிக்கலும் உண்டு. பாக்கு மெல்வதால் வாயின் உட்பகுதி நார்த்திசுவாக இறுகி, வாயைத் திறப்பது கடினமாகிறது. நாட்பட்ட ஜி.வி.எச்.டி.யும் இதே நிலையை உண்டாக்கக்கூடும். இரண்டிலும் காரம் தாங்காமை, வெண்மையாதல், எரிச்சல் ஆகியவை காணப்படும். எனவே பல் மருத்துவரிடம் செல்வோர் மெல்லும் பழக்கத்தையும், முன்னர் பெற்ற மாற்றுச் சிகிச்சையையும் சேர்த்தே கூற வேண்டும்.

அறிகுறிகளும் கண்காணிப்பும்

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இந்நோய் பெரும்பாலும் தோன்றும். பின்வருவன கவனிக்கத்தக்கவை:

- இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஆறாத புண்
- புதிதாகத் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- தடிப்பு, கட்டி, காரணமின்றி இரத்தம் கசிதல்
- கழுத்தில் நெறி கட்டுதல்

பழைய ஜி.வி.எச்.டி. புண் என்று எண்ணி வாளாவிருப்பதே தாமதத்திற்கு முதன்மைக் காரணமாக அமையக்கூடும். பார்வையால் மட்டும் இவற்றை வேறுபடுத்த இயலாது. ஐயத்திற்குரிய இடத்தில் சிறு திசுவை எடுத்துச் சோதித்தல் வேண்டும். மாற்றுச் சிகிச்சை பெற்ற அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையும், வாயில் ஜி.வி.எச்.டி. உள்ளோர் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், இப்பரிசோதனைக்கு மட்டும் வேலூரோ சென்னையோ செல்லத் தேவையில்லை.

தொடக்க நிலையில் கண்டறிந்தால் அறுவை சிகிச்சையால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றை முற்றிலும் விலக்குதல் நோயாளி தாமே செய்யக்கூடிய தலையாய தடுப்பு ஆகும்.