குறை சொல்லக் கற்போம்!



எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். லேபில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், "நமக்குத்தான் தெரியலை போல" என்று பேசாமல் இருந்துவிடுவேன். லினக்ஸ் பற்றிப் படித்த பிறகுதான் அந்தப் பயம் தெளிந்தது.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிவரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அறிவித்தபோதே, என்னென்ன வசதி வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்டார். எல்லாவற்றையும் செய்து தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கேட்டார்! அப்போது அவருக்கு வயது 21.

உபுண்டு என்ற லினக்ஸ் 2004-இல் வந்தது. 2009-இல் அதன் குழுவினர் 'நூறு காகிதக் கீறல்கள்' என்றொரு திட்டம் போட்டார்கள். காகிதம் கீறினால் உயிர் போகாது. ஆனால் சுருக்கென்று எரியும் அல்லவா? அதுபோல, புதிதாக உட்காருபவரை முதல் நாளே உறுத்துகிற, சுலபமாகச் சரிசெய்யக்கூடிய சின்னக் குறைகளைச் சொல்லுங்கள் என்றார்கள். அதற்கு நம்மைப் போன்ற புதியவரின் கண்தானே வேண்டும்!

எப்படிச் சொல்வது? என் அப்பா கொத்தனார். "வீடு சரியில்லப்பா" என்றால் அவர் எங்கே கை வைப்பார்? "வடக்குச் சுவத்துல, ஜன்னலுக்கு மேல, மழை பெஞ்சா கசியுது" என்றால்தான் கரண்டியை எடுப்பார். இங்கும் அதே கதைதான். எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது: இந்த நான்கும் வேண்டும். மறுபடி செய்தாலும் அதே தவறு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே குறை போதும்.

போன வாரம் என் நோட்டில் முதல் நான்கு வரி எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள், நண்பர்களே!