பலகைத் தட்டைப் பார்த்துப் பாரம் ஏற்றுக

கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரிகளில் நம் தோட்டத்துப் பால் கட்டி ரப்பராகிப் போவதை யாவரும் அறிவோம். அக்கட்டிகள் எதன்மீது அமர்ந்து போகின்றன என்பதைச் சிலரே கவனித்திருப்பர். கிடங்குகளில் 'பேலட்' என்று வழங்கும் பலகைத் தட்டே அது. காப்பார், ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் பல தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகிவிட்ட இந்நாளில், பால்வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இத்தட்டுகளோடுதான் நாள்தோறும் பழகுகின்றனர். ஆதலின் ரப்பர் ஆலையில் இருப்போரும் கிடங்கில் இருப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

முற்காலத்தில் புகையூட்டிய ஷீட் ரப்பர் ஏறத்தாழ 111 கிலோ எடையுள்ள பெருங்கட்டுகளாக ஏற்றுமதியாயிற்று. அவற்றை உருட்டியும் கயிற்றில் கட்டித் தூக்கியும் கப்பலில் சேர்த்தனர். 1965-ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் தர நிர்ணயத் திட்டம் வந்தபின், ரப்பர் சிறு கட்டிகளாகப் பாலிதீன் தாளில் சுற்றப்படலாயிற்று. கட்டி ஒன்று 33⅓ கிலோ அல்லது 35 கிலோ. துறைமுகம் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற பழைய பெயரை 1972-இல் நீத்தது. மறு ஆண்டே அங்குக் கொள்கலன் போக்குவரத்து தொடங்கியது. அதனோடு பலகைத் தட்டின் ஆட்சியும் வளர்ந்தது.

ஒரு தட்டில் 35 கிலோக் கட்டிகள் 36 அடுக்கினால் எடை 1,260 கிலோ. அதன்மேல் அதே அளவில் இன்னொன்றை ஏற்றினால் கீழ்த்தட்டு தாங்குவது 2,520 கிலோவுக்கும் மேல். இவ்வளவையும் தாங்குவன மேற்பலகைகளோ என்றால், அவை மட்டுமல்ல. அவற்றின் அடியில் ஓடும் சட்டங்களும், அவற்றிற்குக் கீழுள்ள அடிப்பலகைகளும் சேர்ந்தே தாங்குகின்றன. மேற்பலகை உடைந்தால் எவர் கண்ணிலும் படும். சட்டத்தில் நீளவாக்கில் ஓடும் வெடிப்போ, குனிந்து பக்கவாட்டில் பார்த்தாலன்றித் தெரியாது. பாரந்தூக்கியின் கரங்கள் நுழையும் இடத்தருகே இவ்வெடிப்பு அடிக்கடி தோன்றும். கரம் பலமுறை இடித்த இடம் அதுதான். சட்டம் பிளந்த தட்டைத் தூக்கும்போது ஒருபுறம் சாய்ந்து, கட்டிகள் சரிந்து கீழே நிற்பவர்மீது விழலாம். ஆகவே முதலில் நோக்க வேண்டியது சட்டத்தையே.

அடுத்து ஆணி. தலைதூக்கிய ஆணியைச் சுத்தியலால் தட்டிவிட்டு "சரியாகிவிட்டது" என்பது பெரும்பாலோர் வழக்கம். துளை அகன்றுபோனபின் அவ்வாணி அங்கு நிற்பதில்லை. பாரம் ஏறி இறங்கும்போது மீண்டும் எழும்பிப் பாலிதீனைக் கிழிக்கும், காலையும் குத்தும். பலகையைக் கழற்றி வேறு பலகை பூட்டுவதே பழுது பார்ப்பதாகும்.

மரத்தின் நலம் மூன்றாவது. பால் வற்றி, 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும் நம் ரப்பர் மரமும் இத்தட்டுகளுக்குப் பயன்படுகின்றது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதனால் அறுத்தவுடனே போரான் மருந்து ஊட்டி உலர்த்தாவிடில் பூசணமும் துளைக்கும் வண்டும் விரைவில் பற்றும். தட்டின் கீழ் மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால், பலகையில் ஊசித்துளைகள் உள்ளனவா எனப் பார்க்கவும். ஈரம் ஏறிய தட்டு கட்டிகளில் பூசணம் பிடிக்கவும் இடம் தரும். மழையில் நனையுமாறு வெளியில் அடுக்குவது இதனால் தவறு. எண்ணெய் சிந்திய தட்டும், இரசாயன நாற்றம் வீசும் தட்டும் ரப்பருக்கு ஆகா.

ரப்பருக்கு மரச்சிராய் பகை என்பதை விளக்குதல் வேண்டும். கட்டி ரப்பர் கல்லைப் போன்றதன்று. பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல வழிந்து பலகை இடுக்குகளுள் புகும். அப்போது சிராய் அதனுள் பதிந்துவிடும். பாலிதீன் தாள் தொழிற்சாலையின் கலவை யந்திரத்தில் உருகிக் கலந்துவிடும். மரம் உருகாது, டயரில் அது பலவீனமான இடமாக நிற்கும். எஸ்.எம்.ஆர். 20 வகையில் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 35 கிலோக் கட்டியில் இது 56 கிராம். ஆயினும் ஆய்வுக்கூடத்திற்குப் போவது கட்டியிலிருந்து வெட்டிய சிறு துண்டே. மேற்புறத்துச் சிராய் அங்கே அகப்படாமல் டயர் ஆலையில் அகப்படக்கூடும். வாங்குவோர் பலர் இரும்புப் பெட்டிகளைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில தட்டுகளில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை இருக்கும். 1996-இல் அமெரிக்காவின் நியூயார்க்கில், ஆசியாவிலிருந்து பொதி மரங்களில் வந்த நீண்ட கொம்பு வண்டு மரங்களை அழிப்பது கண்டறியப்பட்டது. இத்தகைய கேடுகளைத் தடுக்க 2002-இல் உலக நாடுகளுக்குப் பொதுவான விதி வகுக்கப்பட்டது. மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததை எச்.டி. என்னும் எழுத்துகள் காட்டும், எம்.பி. எனில் மெத்தில் புரோமைடு புகையூட்டியது எனப் பொருள். மலேசியாவிற்கு எம்.ஒய். என்பது குறி. இம்முத்திரை பூச்சி ஒழிக்கப்பட்டதைத்தான் கூறுகின்றது. தட்டு வலுவானது என்று கூறவில்லை. முத்திரையை மட்டும் நம்பிப் பாரம் ஏற்றுவோர் இதனைக் கருத்திற் கொள்க. மூன்றிலொரு பங்குக்கு மேல் பலகை மாற்றப்பட்ட தட்டில் பழைய முத்திரையும் செல்லாது; மீண்டும் வெப்பமூட்டிப் புதிதாகப் பதிக்க வேண்டும்.

பழுதுற்ற தட்டை நல்லவற்றின் நடுவே திரும்ப வைத்தால் இரவு வேலைக்கு வருபவர் அறியாமல் எடுப்பார். தனி இடத்தில் அடுக்கிச் சாயக்குறி இடுக. வெறுந்தட்டுகளைச் செங்குத்தாகச் சுவரில் சாய்க்க வேண்டா. காற்றுக்கும் லாரி அதிர்வுக்கும் அவை விழும். பாரந்தூக்கியில் தட்டை வைத்து அதன்மேல் ஆளை ஏற்றுவது ஒருபோதும் கூடாது. நெடுநாள் கிடந்த அடுக்கைப் பிரிக்கும்போது தேளும் பாம்பும் உள்ளிருக்கலாம் என்பதைத் தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கையுறையின்றிப் பிரிப்போர் உளர்.

"கப்பல் காத்திருக்கிறது, இதையே ஏற்று" என்று சொல்லப்பட்டால் என் செய்வது? 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 1.6.2024 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணமிருந்து, முதலாளி அதனை நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தினின்று விலகிக்கொள்ள இச்சட்டம் உரிமை தருகின்றது. முதலில் மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, பழுதைக் கையால் சுட்டிக் காட்டுக. உடன் பார்த்த தொழிலாளர் ஒருவரும் அருகிருப்பது நன்று.

காயம் நேர்ந்தால், ஆணிக்குத்தாயினும், அன்றே மருந்தகம் சென்று காட்டிக்கொள்ளவும். இசிவு நோய்த் தடுப்பூசி தேவையா என மருத்துவர் கூறுவார். வேலையில் நேர்ந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் பெர்கேசோவிற்கு அறிவித்தல் வேண்டும். அவர் அறிவித்தாரா எனக் கேட்டு அறிந்துகொள்வதும், நாள், நேரம், கண்ட சாட்சிகளின் பெயர் ஆகியவற்றைத் தாளில் குறித்து வைத்துக்கொள்வதும் தொழிலாளியின் வேலை.