ஸ்டியரிங் தளர்ச்சி

மும்பையில் கறுப்பு மஞ்சள் நிற வாடகை வண்டிகளாகப் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினி போன்ற பழைய மகிழுந்துகளை ஓட்டியவர்கள் ஒரு குறையை நன்கு அறிவர். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி உடனே திரும்பாது. நேர்ச்சாலையிலும் கைகள் இடமும் வலமும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். பட்டறையில் இதனைப் 'பிளே' என்பர். எதிரே பேருந்து வரும் குறுகிய பாலத்தில்தான் இதன் கொடுமை விளங்கும்.

ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள பல்லிணைப் பெட்டி, கையின் சுழற்சியை ஒரு நெம்புகோலின் அசைவாக மாற்றுகிறது. அவ்வசைவு இணைப்புக் கம்பிகளின் வழியே முன்சக்கரங்களைச் சேர்கிறது. கம்பிகளின் முனைகளில், நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துள் குண்டு அமர்ந்த மூட்டுகள் உள்ளன. மூட்டுதோறும் மயிரிழையளவே தேய்ந்தாலும், அத்தேய்வுகள் யாவும் கூடிப் பெருகி, ஸ்டியரிங்கின் விளிம்பில் விரற்கடைக் கணக்கில் தெரியும்.

குறை எங்குள்ளது என அறிய இருவர் வேண்டும். எஞ்சினை அணைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின், ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இருபுறமும் அசைக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டறிய வேண்டும். ஒரு கம்பி அசைந்தும் அடுத்தது அசையாது நின்றால், இடையிலுள்ள மூட்டே தேய்ந்தது. பின்னர் முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டிப் பார்க்கலாம். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில் உள்ளது. நில்லாவிடில் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் உள்ளது.

தேய்ந்த குண்டுமூட்டைச் செப்பனிட இயலாது. மாற்றியே ஆக வேண்டும். மாற்றியபின் சக்கரங்களின் நேரமைப்பையும் சரிபார்த்தல் கட்டாயம்.

வண்டிக்கடியில் படுத்துப் பார்க்கச் சோம்புவோர் செய்யும் குறுக்கு வேலை ஒன்றுண்டு. பல்லிணைப் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கிவிடுவர். ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால், வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்களின் நடுப்பகுதியே மிகுதியாகத் தேய்ந்திருக்கும். நடுவில் பொருந்துமாறு இறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் சிக்கும். ஆகவே, மூட்டுகளைச் சரிசெய்த பின்னரே அத்திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

இறுதியாக, ஆளற்ற திடலில் மெதுவாக ஓட்டி ஒரு வளைவில் திருப்பிப் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாவிடில் திருகு மிகையாக இறுகியிருக்கக்கூடும். அதனைத் தளர்த்தி மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.