சீட்டு தீர்ந்தது எப்படி?

இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மறுநாள் அதே சீட்டு பன்மடங்கு விலையில் எங்கிருந்தோ முளைக்கிறது! இது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் 'கோல்ட்பிளே' குழுவினர் 2025 ஜனவரியில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் மூன்று நாட்கள் பாடினர். அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55,000 பேருக்கு இடமுண்டு. 2024 செப்டம்பர் 22ஆம் நாள் இணையத்தில் சீட்டு வாங்க முயன்றோரோ 1.3 கோடிப் பேர்! கணக்கிட்டால் ஓர் இடத்திற்கு எண்பது பேர். சேலை என்றால் இன்னொரு தறி போடலாம். மைதானத்தை இழுத்துப் பெரிதாக்க முடியுமா? சீட்டின் விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. அதற்கு மேலும் தரச் சிலர் ஆயத்தமாக இருந்தனர். இந்த இடைவெளிதான் கள்ளச் சந்தைக்காரர் பயிர் செய்யும் நிலம். மறுவிற்பனையில் லட்சக்கணக்கில் கேட்டனர். அந்த இலாபத்தில் பாடியவர்களுக்குப் பங்கில்லை.

சீட்டை ஏலம் விட்டால் அப்பணம் பாடுவோர் பக்கமே சேருமே என்று நமக்குத் தோன்றலாம். 1850இல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் நியூயார்க்கில் பாடியபோது அப்படித்தான் செய்தனர். முதல் சீட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஒரு தொப்பிக் கடைக்காரர். (கடைக்கு நல்ல விளம்பரம்!) ஆனால் ஏலத்தில் ஏழை ரசிகருக்கு இடமேது?

இடத்தைப் பெருக்குவதே நமக்குச் சரியெனப் படுகிறது. அதே குழு அம்மாதம் 25, 26 நாட்களில், 1.32 லட்சம் இருக்கைகள் கொண்ட அகமதாபாத் மைதானத்திலும் பாடியது. 26ஆம் நாள் நிகழ்ச்சியை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பினர். அதைக் காண வரிசையும் இல்லை, கள்ளச் சந்தையும் இல்லை.