நடை தடுமாறும் குட்டிக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், பதினொரு நாள்களில் மூவர் அமர்வு அதைத் திருத்தியதும் நாடறிந்த செய்தி. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது ஆகஸ்ட் 22 உத்தரவு. அந்தச் சர்ச்சையின் இரைச்சலில் அதே உத்தரவின் ஒரு சிறு பத்தி பலரது கவனத்திலும் பதியவில்லை. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். நாய் அடையாளமிடப்பட்டு ஒப்படைக்கப்படும். அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு.

நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு இது பொருந்தும். நடை தடுமாறும் இரண்டு மாதக் குட்டி என்றால்?

தில்லியின் குளிர்கால இரவுகளில், சூடு ஆறாத எஞ்சினை நாடிக் கார்களுக்கு அடியில் ஒடுங்கும் குட்டிகள் விடிந்ததும் சக்கரத்தில் சிக்குகின்றன. டிபன்ஸ் காலனி மேம்பாலத்தின் கீழுள்ள ஃபிரெண்டிகோஸ், ராஜா கார்டனில் 1980-இல் தொடங்கப்பட்ட சஞ்சய் காந்தி விலங்குகள் நல மையம் போன்ற இடங்கள் இத்தகைய குட்டிகளுக்கும் புகலிடம். தடுமாற்றத்துக்குக் காரணம் அடியா, பிறவிக் குறையா, நோயா என்பதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட முடிவதில்லை. தடுப்பூசி காணாத குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் இதில் கொடியது. காய்ச்சலும் மூக்கொழுகலும் தணிந்து, குட்டி தேறிவிட்டது என்று எண்ணும் வேளையில், சில வாரங்கள் கழித்து நரம்புக் கோளாறு தலைகாட்டும். வலிப்பு வந்து இறப்பவை உண்டு. பிழைத்தவற்றில் சிலவற்றுக்குத் தசைத்துடிப்பு ஆயுளுக்கும் நிற்கும். ஆயினும் உண்டு, ஓடி, மற்ற நாய்களைப் போலவே வாழ்பவை உண்டு. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருக்க வேண்டும். புதுக்குட்டியைச் சில வாரங்கள் தனியே வைக்கவும் வேண்டும்.

காது கேளாத குட்டியைக் கை அசைவால் பழக்கிவிடலாம். தெருவில் கயிறின்றி விட முடியாது, அவ்வளவே. முதுகெலும்பு முறிந்த குட்டியின் நிலை வேறு. பின்னங்கால்களுக்குச் சக்கர வண்டி பொருத்தலாம். ஆனால் சிறுநீரை நாளுக்குப் பலமுறை வயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டில் இதை யார் செய்வது? இரக்கம் மிகுந்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மனம் தளர்ந்து குட்டியைத் தெருவில் விட்டால் சட்டம் என்ன செய்யும்? மாநிலங்களவை நியமன உறுப்பினர் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் இயற்றும் என்ற பிரதமர் நேருவின் உறுதிமொழியின் பேரில் திரும்பப் பெறப்பட்டது. அதன் விளைவே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவோருக்கு, முதல் குற்றமெனில் 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்றது அச்சட்டம். தண்டனையைக் கூட்டும் திருத்த வரைவை 2022 நவம்பரில் வெளியிட்டு மத்திய அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

அபராதத்தை மட்டும் உயர்த்தினால் குட்டி காப்பகத்தை விட்டே வெளியேறாது. தத்தெடுக்க எவர் முன்வருவார்? ஓரிரு மாதம் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்து, குறை இன்னதெனத் தெளிந்த பின் கையெழுத்து வாங்குவதே முறை. முடியாதவர் காப்பகத்திடமே திருப்பித் தரலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சிகிச்சைச் செலவுக்கும் வழி இல்லாமல் இல்லை. தங்களை நாடி வந்த தனிநபர்கள் தலா 25,000 ரூபாயும், தொண்டு நிறுவனங்கள் தலா 2 லட்சம் ரூபாயும் செலுத்த வேண்டும் என்று ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே நீதிபதிகள் கூறினர். நாய்களுக்கான வசதிகளுக்கென ஒதுக்கப்பட்ட அத்தொகையில் ஒரு பங்கை, தத்தெடுக்கப்பட்ட ஊனமுற்ற குட்டிகளின் மருத்துவத்துக்கு மாநகராட்சிகள் கேட்டுப் பெறலாம்.