எழுத்து உடைந்தால் யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடநூல்கள் வழியாக, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களும் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரையும் பைத்தான் மொழியையும் கற்கின்றனர். இவை கட்டற்ற மென்பொருள்கள். அதாவது, மென்பொருளின் நிரல்வரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இடம்தரும் உரிமத்துடன் வெளியிடப்பட்டவை. கட்டணம் இல்லாமல் கிடைப்பதால் இவற்றின் பின்னுள்ள உழைப்பு பயனரின் கண்ணில் படுவதே இல்லை.

அந்த உழைப்பு எத்தகையது என்பதற்குப் பெரம்பலூர் என்னும் பெயரே சான்று. அதைத் தட்டச்சு செய்யும்போது, யூனிகோடு முறைப்படி பகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னரும் கணினியில் பதிவாகின்றன. திரையிலோ கொம்பு பகரத்துக்கு முன்னே நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு. இந்த இடமாற்றம் நிகழாத இடத்தில் கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ள, ஊர்ப்பெயர் "பரெம்பலூர்" என்று படிக்கப்படும். அரியலூருக்குக் கொம்புத் தொல்லை இல்லையென்றாலும், இரு பெயர்களிலும் வரும் "லூ" சரியாகத் தோன்ற எழுத்துருவில் அதற்குரிய வடிவத்தை யாரோ ஒருவர் வரைந்து வைத்திருக்க வேண்டும்.

ஹார்ஃப்பஸ் போன்றவற்றில் பணியாற்றுவோர் சிலருக்குப் பெருநிறுவனங்கள் ஊதியம் தருகின்றன. தமிழ் விசைப்பலகைகளையும் மெனுக்களின் தமிழாக்கத்தையும் பெரும்பாலும் பேணுபவர்களோ, தங்கள் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதைக் கொடுக்கும் தன்னார்வலர்கள். உத்தரவாதம் எதுவும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருந்தும், விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கடைக்காரரைக் கேட்கும் தொனியிலேயே அவர்களிடம் கேள்விகள் வருகின்றன.

இந்த நெருக்குதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் கதை காட்டியது. அதைப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒற்றை ஆளாகப் பேணிவந்த லாஸ்ஸே காலின், தம் மனநலச் சிக்கலையும் இது ஊதியமில்லாப் பணி என்பதையும் 2022இல் வெளிப்படையாகவே எடுத்துச் சொன்ன பின்னரும், முன்பின் அறியாத பெயர்களிலிருந்து தாமதம் குறித்த குறைகூறல் ஓயவில்லை. உதவ முன்வந்த ஜியா டான் என்னும் பெயருடையவர் பராமரிப்புப் பொறுப்பைப் பெற்றுக் கள்ளவழி ஒன்றை அதில் நுழைத்தார். மற்றொரு கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் மென்பொருள் பொறியாளர் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்திராவிட்டால், உலகெங்கும் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்கள் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கும்.

தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும் என்று அரியலூர் மாணவர் எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமானது. ஊதியமில்லாத ஒருவர் மீது அது முழுவதும் சுமத்தப்படுவதுதான் அநீதி. மென்பொருளைப் பாடமாக்கும் அரசும், அதைக் கொண்டு வருவாய் ஈட்டும் நிறுவனங்களும் பராமரிப்புச் செலவில் பங்கேற்கக் கடமைப்பட்டவை. பயனர் தரக்கூடியது பணம் மட்டுமன்று: எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எதைத் தட்டச்சு செய்தபோது திரையில் எது தோன்றியது என்பதைப் படத்துடன் எழுதி அனுப்பினால், பிழையைத் தேடும் வேலை பெருமளவு குறைந்துவிடும். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரக மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி அளித்து வருகிறது. பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகள் அத்தகைய குழுக்களைத் தொடங்கி, தமிழில் காணப்படும் பிழைகளைச் சோதித்து எழுதுவதை ஒரு பருவத்தின் செய்முறைப் பணியாகவே வைக்கலாம்.