நமீபியா: தண்ணீர் வரைந்த தேசம்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கிறது நமீபியா. பரப்பு ஏறத்தாழ 8.25 லட்சம் சதுர கிலோமீட்டர்; மக்களோ 30 லட்சம் பேர்தான். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் மிக வறண்டதும் இதுவே. கடற்கரையில் ஆண்டு முழுவதற்கும் 20 மில்லிமீட்டர் மழை கிடைப்பதே அரிது. வடகிழக்கு மூலையிலோ அது 600 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மணற்கடல், கற்காடு, உப்பு வெளி, சதுப்பு நிலம் என ஒரே நாட்டுக்குள் இத்தனை நிலங்கள் உருவானதற்கும், எந்த விலங்கை எங்கே எப்போது பார்க்கலாம் என்பதற்கும் இந்த மழைக் கணக்குதான் விடை.

மூடுபனியில் வாழும் பாலைவனம்

அண்டார்டிகா பக்கமிருந்து வடக்கு நோக்கி ஓடும் பெங்குவெலா என்னும் குளிர் நீரோட்டம் நமீபியக் கரையைத் தழுவிச் செல்கிறது. அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்துவிடுவதால் மேலெழுந்து மழை மேகமாக மாறுவதில்லை. மாறாக, அடர்ந்த மூடுபனியாகி நிலத்துக்குள் நகர்கிறது. நமீப் பாலைவனத்தின் பல உயிர்களுக்கு அந்தப் பனிதான் தண்ணீர். ஒருவகைக் கருவண்டு அதிகாலையில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறித் தலைகீழாக நிற்கும். உடலில் படியும் பனித்துளிகள் வழிந்து அதன் வாய்க்கு வந்து சேரும். வெல்விட்சியா என்ற செடிக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள். அவை வளர்ந்துகொண்டே போய்க் காற்றில் கிழிந்து நாராகின்றன. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த வெல்விட்சியாக்களும் உண்டு.

பயணிகள் அதிகம் நாடும் இடம் சோசஸ்விளை. இங்குள்ள மணற்குன்றுகளில் சில 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. மணலில் கலந்த இரும்பு துருப்பிடித்துச் செந்நிறம் தருகிறது. சௌசாப் ஆறு கடலை எட்டாமல் இந்தக் குன்றுகளுக்கிடையே முடிந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள டெட்விளையில் குன்றுகள் ஆற்றின் வழியை அடைத்ததால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மரங்கள் பட்டுப்போயின. மட்கக்கூட ஈரம் இல்லாததால், வெண்களிமண் தரையில் அவை கருத்து அப்படியே நிற்கின்றன. இந்த மணற்பரப்பை யுனெஸ்கோ 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குளிர்ந்த கரை, கல் நிலம்

நிலத்துக்கு மழையை மறுக்கும் அதே நீரோட்டம் கடலில் மீன்வளத்தைப் பெருக்குகிறது. கேப் கிராஸில் பல்லாயிரக்கணக்கான கடல்நாய்கள் குழுமுவதற்குக் காரணம் இதுதான். வால்விஸ் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இரை தேடுகின்றன. அருகிலுள்ள ஸ்வாகோப்மூண்ட் நகரின் கட்டடங்கள் 1884 முதல் 1915 வரையிலான ஜெர்மன் ஆட்சியை நினைவூட்டுகின்றன. அந்த ஆட்சியில், 1904 முதல் 1908 வரை, ஹெரேரோ, நாமா இன மக்கள் பல்லாயிரம் பேர் இனப்படுகொலைக்கு ஆளாயினர். பின்னர் தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நாடு 1990-ல் விடுதலை பெற்றது.

கரையிலிருந்து உள்நோக்கிச் சென்றால் டமராலாந்தின் கற்குன்றுகள். இங்குள்ள யானைகள் வறண்ட ஆற்றுப்படுகைகளை வழித்தடமாகக் கொண்டு வாழ்கின்றன. மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கின்றன. ட்வைஃபல்ஃபோன்டைனில் பழங்கால வேட்டைச் சமூகத்தார் பாறைகளில் செதுக்கிய காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, தீக்கோழி உருவங்களைக் காணலாம். நாட்டின் தென்கோடியில் சுமார் 160 கிலோமீட்டர் நீளமும் 550 மீட்டர் வரை ஆழமும் கொண்ட ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. வெயிலின் கொடுமையால், குளிர்மாதங்களில் மட்டுமே அதற்குள் நெடும்பயணம் நடக்க அனுமதி உண்டு.

எடோஷாவின் நீர்க்குட்டைகள்

வன விலங்குகளைக் காண வடக்கிலுள்ள எடோஷா தேசியப் பூங்கா முதன்மையானது. 1907-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இதன் நடுவே ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெண்ணிற உப்பு வெளி பரந்திருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. அப்போது யானை, சிங்கம், வரிக்குதிரை, ஓரிக்ஸ் மான், கருங்காண்டாமிருகம் எல்லாம் உப்பு வெளியின் ஓரத்து நீர்க்குட்டைகளுக்கு வந்தே ஆக வேண்டும். குட்டையருகே வண்டியை நிறுத்திக் காத்திருப்பதே இங்கு நல்ல உத்தி. ஒகௌகுவேயோ முகாமில் இரவிலும் குட்டைக்கு விளக்கொளி இருப்பதால் காண்டாமிருகங்கள் நீர் அருந்துவதைப் பார்க்க முடியும். மழைக்காலத்தில் விலங்குகள் சிதறிவிடும். நல்ல மழை பெய்து உப்பு வெளியில் நீர் தேங்கினால் பூநாரைகள் வந்து சேரும்.

வடகிழக்கில் நீண்டிருக்கும் ஸாம்பெசி நிலப்பகுதியில் காட்சி அடியோடு மாறுகிறது. ஒகவாங்கோ, குவாண்டோ, சோபே ஆறுகளின் கரையில் நாணலும் பெருமரங்களும் அடர்ந்திருக்கின்றன. நீர்யானையும் முதலையும் இங்கே உண்டு. படகில் சென்றும் விலங்குகளைக் காணலாம்.

ஊராரின் பொறுப்பில் காடு

நமீபியாவில் காட்டு விலங்குகள் பூங்காக்களுக்குள் மட்டும் இல்லை. 1996-ல் வந்த சட்டத் திருத்தம், பொது நிலங்களில் வாழும் மக்கள் காப்பகச் சங்கம் அமைத்து, விலங்குகளைப் பராமரிக்கவும் சுற்றுலா வருமானத்தைப் பெறவும் உரிமை தந்தது. இப்போது இத்தகைய சங்கங்கள் 80-க்கும் மேல் உள்ளன. பயிரை மிதிக்கும் யானையாலும் ஊருக்கு வருமானம் உண்டு என்றானபின் கள்ளவேட்டைக்கு எதிரான காவலில் ஊராரே இறங்கினர்.

சிவிங்கிப்புலிகளும் பெரும்பாலும் பூங்காக்களுக்கு வெளியே, சிங்கமும் கழுதைப்புலியும் குறைந்த பண்ணை நிலங்களில்தான் வாழ்கின்றன. இந்தியாவில் அற்றுப்போன இந்த விலங்கை மீண்டும் குடியேற்ற, 2022 செப்டம்பரில் எட்டுச் சிவிங்கிப்புலிகள் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டன.

பயணத் திட்டம்

தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து சோசஸ்விளை சுமார் 350 கிலோமீட்டர். ஸாம்பெசி பகுதியின் கடைசி நகரான கடிமா முலிலோ சுமார் 1,200 கிலோமீட்டர். வாகனங்கள் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் செல்கின்றன, ஆங்கிலமே ஆட்சிமொழி. ஆனால் சாலைகளில் பெரும்பகுதி சரளை மண். வேகமாக ஓட்டினால் வண்டி சறுக்கிக் கவிழும் ஆபத்து உண்டு. இருட்டிய பின் விலங்குகள் குறுக்கே வரும். கூடுதல் டயர், குடிநீர், நிரம்பிய எரிபொருள் தொட்டி இல்லாமல் புறப்படக் கூடாது. வடக்கே செல்வோர் மலேரியா தடுப்பு மருந்து குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். விலங்குகளைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை உகந்த காலம். பறவைகளையும் பசுமையையும் விரும்புவோர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை செல்லலாம்.